தீபாவளிக்கு வராத விளையாட்டுப் பெட்டி

"உலகளாவிய சிப் பற்றாக்குறையால் வெளியீடு தள்ளிவைக்கப்படுகிறது" என்று அந்த நிறுவனம் அப்போது அறிவித்தது. யார் தலையிலும் பழி விழாத, நாகரிகமான வாக்கியம். ஆனால் முழு உண்மை அது இல்லை. தொலைக்காட்சியில் மாட்டி விளையாடும் அந்தப் பெட்டி மொத்தம் மூன்று முறை தள்ளிப்போனது. முதல் இரண்டு முறைக்குப் பற்றாக்குறைதான் காரணம். மூன்றாவது முறைக்குக் காரணம் நான்.

போன மாதம், நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து காவ்யா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜைக்கு வந்தவள்.

"மேடம், மறுபடியும் சிப் கெடைக்கல. இந்தத் தடவ மெமரி சிப்பு. புதுப் பெட்டிக்குக் குறிச்ச தேதி தள்ளிப் போகுது. அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. எது நெசம்?"

"என்ன சொல்றாங்க?"

"நீங்க சிப்பக் கடிச்சுப் பாத்துச் சொன்னீங்களாம்."

நான் எதையும் கடிக்கவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். நடந்தது எதற்கும் நான் வெட்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் வழியில் அந்தத் தொழிற்சாலை. மின்னணுப் பலகைகளில் சிறு சிறு பாகங்களை ஒட்டி, வேறு நிறுவனங்களுக்குச் செய்துகொடுப்பதுதான் தொழில். நான் பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தேன். வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பரிசோதித்து, நல்லதென்றால் உள்ளே விடுவதும், இல்லையென்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்துவதும் என் வேலை. முதல் மூன்று ஆண்டுகள் எல்லாருக்கும் போலத்தான். தப்பு செய்தேன், திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். நான்காம் ஆண்டு நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

அப்போது கிணற்று மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் பலகைகள் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் ரிலே என்னும் பாகம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அவசரம். லைனில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்து எரியோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, ஸ்டார்ட்டரை உரச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். மிளகாய் பூவெடுத்த நேரத்தில் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வந்து கண்டுபிடிப்பதற்குள் பூவெல்லாம் கொட்டிவிட்டது. சாக்கை என் மேஜை மேல் வைத்தார்.

"இத யாரு பாத்து அனுப்புனது?"

நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். 

"நல்லாப் பாக்கணும் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாக்கை விட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு யார் அவசரப்படுத்தியும் பார்க்காமல் கையெழுத்துப் போட என் கை அசைந்ததில்லை.

சண்முகவேல் சார் மேலாளராக வந்தது இன்னும் பல ஆண்டுகள் கழித்து. பழனிப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தால் கூப்பிட மாட்டார். நானாகத் தலை தூக்கும்வரை பக்கத்தில் நிற்பார். பிறகு மூன்றே கேள்வி. "என்ன பாத்தீங்க? எதுல பாத்தீங்க? மறுபடி பாத்தாலும் அதேதானுங்களா?" ஒரு முறை நான், "சரியா இருக்கும் போலிருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். பரிசோதனைத் தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். "போலிருக்குன்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லீங்களே, அம்மிணி" என்றார்.

அவர் வருவதற்கு முன்னால் அந்தத் தாளில் ஒரு ரப்பர் முத்திரை விழும், கீழே கையெழுத்து. அவ்வளவுதான். முத்திரையை அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் கையெழுத்துக்கு மேலே தமிழில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னார்: "மேற்கண்ட பொருளை நானே என் கண்ணால் பரிசோதித்தேன், இது நல்லது என்று அறிவேன்." ஏன் சார் இவ்வளவு நீளம் என்று கேட்டேன். "கையெழுத்துப் போடறவங்க ஒரு தடவ படிக்கோணும்ங்க" என்றார்.

பெருந்தொற்று முடிந்தும் முடியாமலும் இருந்த காலத்தில்தான் அந்த விளையாட்டுப் பெட்டி எங்களிடம் வந்தது. பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனம். அதைத் தொடங்கிய விவேக் என்பவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். சேலத்தில் பிறந்தவர். ஒரு பெட்டி, கையில் பிடித்து ஆட இரண்டு கருவிகள். கபடி, கில்லி, ரேக்ளா பந்தயம் எல்லாம் அதில் விளையாட்டாக வரும் என்றார். வெளிநாட்டுப் பெட்டி வாங்க முடியாத வீடுகளுக்கு நம் ஊர்ப் பெட்டி. கேட்கும்போதே நன்றாக இருந்தது. மாதிரிப் பெட்டியில் ரேக்ளா வண்டியை ஓட்டிப் பார்த்து இரண்டு முறை தோற்றேன்.

அந்தப் பெட்டிக்காகவே முதலாளி இரண்டாவது லைன் போட்டார். முப்பது பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். பாண்டியம்மாள் அதில் ஒருத்தி. அதற்கு முன் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவள், பேச்சில் படு கெட்டி. கைக்கருவியின் பொத்தான்களைப் பொருத்துவதில் அவள் வேகத்துக்கு லைனில் யாரும் கிடையாது.

பொங்கலுக்கு வெளியீடு என்று விவேக் தேதி குறித்திருந்தார். பெட்டியின் மூளையான பெரிய சிப் வரவில்லை. சிப் செய்யும் ஆலைகளில் எல்லாரும் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தார்கள். காரும் போனும் லட்சக்கணக்கில் செய்கிறவர்கள் வரிசையின் முன்னால் நிற்க, நாங்கள் வால் நுனியில் நின்றோம். வெளிநாட்டுப் பெரிய விளையாட்டுப் பெட்டிக்காரர்களே அறிவித்த நாளில் கொஞ்சம் பெட்டிகளை மட்டும் கடைக்கு அனுப்பிவிட்டு, மீதிக்காக மக்களைக் காக்க வைத்த காலம் அது. எங்கள் பெட்டி கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போனது.

கோடையில் பெரிய சிப் வந்துவிட்டது. இப்போது வேறொன்று வரவில்லை. பெட்டிக்குள் ஒவ்வொரு பாகத்துக்கும் வேண்டிய அளவு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சிப். கைவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. விலையும் அற்பம். அது இல்லாமல் மற்ற நூற்றுக்கணக்கான பாகங்களும் அலமாரியில் தூங்கின. மூன்று மாதத்தில் தருகிறோம் என்ற சிப் கம்பெனி, ஒரு வருடம் ஆகும் என்று எழுதியது.

விவேக் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். "பெட்டி மட்டும் வந்தாப் போதாது மேடம். கேம் எழுதுறவங்க குறிச்ச ஒரு தேதிக்குள்ள முடிப்பாங்க. விளம்பரம் அந்த நாளைக்கு. கடைக்காரங்க இடம் ஒதுக்குறது அந்த நாளைக்கு. நாங்க தள்ளினா எல்லாத்தையும் தள்ளணும். ஒரு தடவ தள்ளலாம், ரெண்டு தடவ தள்ளலாம். தீபாவளியையும் விட்டா எங்கள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் முகத்தில் தூக்கம் இல்லாததும் தெரிந்தது. அதனால்தான், சிப் கம்பெனியை விட்டுவிட்டு வெளிச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் அந்தப் பவர் சிப்பை வாங்கினார். தீபாவளிக்கு எட்டு வாரம் இருக்கும்போது ஐந்து சுருள்கள் வந்து இறங்கின. நாடாவில் வரிசையாகப் பதித்துச் சுருட்டிய ஆயிரக்கணக்கான சிப்புகள். லைனில் பெண்கள் கை தட்டினார்கள்.

அன்று காலையில் நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். காவ்யா கேட்டதும் இதைத்தான்.

முதலில் உறையைப் பார்த்தேன். இந்தச் சிப்புகளைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, ஈரம் காட்டும் அட்டை ஒன்றையும் வைத்து அனுப்புவார்கள். ஈரம் பட்டால் அட்டையின் நீலப் புள்ளிகள் இளஞ்சிவப்பாகும். ஐந்தில் இரண்டு உறைகளில் புள்ளி சிவந்திருந்தது. அதனால் மட்டும் மறுக்க முடியாது. சூட்டுப் பெட்டியில் உலர்த்தினால் சரியாகிவிடும். குறித்துக்கொண்டேன்.

அடுத்து உறையின் மேல் ஒட்டியிருந்த சீட்டு. அதில் அச்சடித்த எண்ணும் சிப்பின் மேல் இருந்த எண்ணும் ஒத்துப்போயின. நல்லது.

அடுத்து மைக்ரோஸ்கோப். சிப்பின் ஒரு மூலையில், எந்தப் பக்கம் முதல் கால் என்று காட்ட ஒரு வட்டக் குழி இருக்கும். ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் எல்லாச் சிப்பிலும் குழி ஒரே ஆழம் இருக்க வேண்டும். முதல் சுருளில் எடுத்த இருபதில் பதின்மூன்றில் குழி தெளிவாக இருந்தது. ஏழில் ஆழம் குறைந்திருந்தது, யாரோ மாவு பூசியது போல. முதுகின் கறுப்பும் அந்த ஏழில் ஒரு சாயல் மாறியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

பழைய கருவிகளிலிருந்து பிடுங்கிய சிப்புகளின் முதுகைத் தேய்த்து, புதுக் கறுப்புப் பூசி, புது எண் அச்சடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பற்றாக்குறைக் காலம்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் பூச்சு கறுப்பாகப் பஞ்சில் வந்துவிடும். தேய்த்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மறுபடியும் தேய்த்தேன். வெள்ளைதான்.

சண்முகவேல் சார் பக்கத்தில் நின்றிருந்தார். தலை தூக்கினேன்.

"என்ன பாத்தீங்க?"

"குழி ஒரே மாதிரி இல்ல சார். நிறமும் மாறுது."

"எதுல பாத்தீங்க?"

"மைக்ரோஸ்கோப்ல. வெளக்கச் சாச்சு."

"மறுபடி பாத்தாலும் அதேதானுங்களா?"

"மூணு தடவ பாத்துட்டேன். அதே ஏழுதான்."

"போலிங்களா?"

"தெரியல சார்."

"நல்லதுங்களா?"

"அதுவும் தெரியல."

"அப்ப தெரியலைன்னே எழுதுங்க" என்றார். நான் சிவப்புச் சீட்டை எடுத்து ஐந்து சுருள்களிலும் ஒட்டினேன். அசிட்டோனுக்கு அசையாத பூச்சும் உண்டு என்று அவருக்குத் தெரியும். அதைக் கரைக்கும் கடுமையான கரைப்பான் ஒன்றை வரவழைக்க மதுரைக்குப் போன் போட்டார். இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

விவேக் அன்று மாலையே பெங்களூரிலிருந்து காரில் வந்துவிட்டார். அவர் கேட்டபடி சிவப்புச் சீட்டு ஒட்டிய சுருளிலிருந்து சிப்புகள் எடுத்து இருபது பலகைகள் செய்து ஓட்டினோம். இருபதும் ஓடின. ரேக்ளா வண்டி இருபது திரையிலும் ஓடியது.

"மேடம், ஓடுதே!" என்றார். "கண் முன்னாடி ஓடுதே. இன்னும் என்ன?"

"இன்னைக்கு ஓடுது சார். அது என்ன சிப்புன்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நீங்க போடலைன்னா என் கம்பெனி இருக்காது. அது தெரியுமா?"

"தெரியுது சார்."

அவர் எதிர்பார்த்தது அந்தப் பதில் இல்லை. எழுந்து வெளியே போய், காரில் சாய்ந்து நின்றுகொண்டு யாருக்கோ போன் பேசினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். எங்கள் சாப்பாட்டு அறையில் யார் வெஞ்சனமும் யாருக்கும் தனி இல்லை. டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்துவிடுவோம். கத்தரிக்காய், கருவாடு, அவரை எல்லாம் கை மாறிக்கொண்டே இருக்கும். அன்று நான் உட்கார்ந்ததும் டப்பாக்கள் ஒவ்வொன்றாக அவரவர் மடிப்பக்கம் நகர்ந்தன. நான் வைத்த முட்டைப் பொரியலை ஒரு கையும் தொடவில்லை.

பாண்டியம்மாள்தான் பேசினாள். மற்றவர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ள அவளுக்குத் தெரியாது.

"என்னக்கா, பெட்டி ஓடுதாம்ல?"

"ஓடுது."

"பெறகு என்னத்துக்கு நிப்பாட்டி வச்சிருக்கீக?"

"அந்தச் சிப்பு நல்லதான்னு தெரியல பாண்டி."

"ஒங்களுக்குத் தெரியலைங்கிறதுக்கு முப்பது பேரு வீட்டுக்குப் போகணுமா? தீபாவளிக்குப் பெட்டி போகலைன்னா லைன மூடிருவேன்னு முதலாளி காலைலயே சொல்லிட்டாரு. நீங்க பெர்மனெண்டு. ஒங்க வீட்டுக்காரரு வாத்தியாரு. எங்களுக்கு என்ன இருக்கு?"

அவள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. சோற்றைப் பிசைந்தேன். டப்பாவை மூடிக்கொண்டு மேஜைக்குப் போனேன். சிவப்புச் சீட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கல் மனசு என்று அன்று சொன்னார்கள். சொல்லட்டும். நான் ஒருமுறை அவசரத்துக்கு இணங்கிக் கையெழுத்துப் போட்டவள், அதன் விலையை வேறு ஒருவர் கட்டியதைப் பார்த்தவள்.

மூன்றாம் நாள் காலை மதுரையிலிருந்து கரைப்பான் வந்தது. சந்தேகப்பட்ட ஏழில் இரண்டும், ஒழுங்காகத் தெரிந்த பதின்மூன்றில் இரண்டுமாக நான்கு சிப்புகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கரைப்பானை ஊற்றி, சூடேற்றும் தட்டில் வைத்தேன். முக்கால் மணி நேரம் ஊற வேண்டும். கால் மணிகூட ஆகவில்லை, முதலாளி வந்துவிட்டார். பின்னால் விவேக். அவருக்குப் பின்னால் சண்முகவேல் சார்.

முதலாளி மோட்டார் காயில் சுற்றிக்கொடுத்துத் தொழிலை ஆரம்பித்தவர். கோபம் வந்தால் உட்கார மாட்டார்.

"ஏம்மா ரெஜினா, ஒரு கையெழுத்துக்கா இம்புட்டு? சண்முகவேலு, நீ போடு."

சண்முகவேல் சார் அசையவில்லை. "நான் பாக்கலீங்க. பாத்தவங்க போடலீங்க. நான் எப்படிங்க போடறது?"

"அப்ப நான் போடுறேன். என் கம்பெனி. தாளக் கொண்டா."

தாளை எடுத்து அவர் முன் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இத்தனை ஆண்டில் அந்தத் தாளை அவர் பார்த்ததே இல்லை.

"எங்க போடணும்?"

கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். "அதுக்கு மேல ஒரு வரி இருக்கு சார். அதையும் படிச்சிருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். உதடு அசையப் படித்தார். "மேற்கண்ட பொருளை நானே என் கண்ணால்..." அதோடு நிறுத்திவிட்டார். பேனா முனை தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது.

"நான் பரிசோதிக்கலையே" என்றார்.

தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இது யாரு இப்படி எழுதுனது?"

"நான்தானுங்க" என்றார் சண்முகவேல் சார்.

முதலாளி அவரை முறைத்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, என் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சரி, காட்டு. எப்படிப் பாக்கணும்?"

கரைப்பான் வேலை செய்யட்டும் என்று காத்திருந்தோம். நான்கும் சுத்தமாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். நான்கும் சுத்தமாக இருந்தாலும், பார்க்காமல் கையெழுத்துப் போட மறுத்தது சரிதான் என்ற முடிவுக்கு வந்தேன்.

முதலாளிக்குக் கையுறை மாட்டிவிட்டு, இடுக்கியை அவரிடம் கொடுத்தேன். முதல் சிப்பை எடுத்து பஞ்சால் தேய்த்தார். பஞ்சு வெள்ளை. எண் அப்படியே இருந்தது. இரண்டாவது. அதுவும் வெள்ளை.

"பாத்தீங்களா சார்?" என்றார் விவேக். குரலில் உயிர் வந்திருந்தது. "ஒண்ணும் இல்ல."

"இன்னும் ரெண்டு இருக்கு" என்றேன். அவைதான் குழியின் ஆழம் குறைந்திருந்த இரண்டு.

மூன்றாவதைத் தேய்த்ததும் பஞ்சு கறுத்தது. முதலாளி கையை நிறுத்தினார். சிப்பை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, குனிந்து, அவர் வலது கையைப் பிடித்து, காட்சியைத் தெளிவாக்கும் திருகில் வைத்தேன். மெல்லத் திருகினார். மேலே இருந்த எண் பாதி அழிந்து, அதற்கடியில் இன்னொரு எண் மங்கலாகத் தெரிந்தது. தேய்த்த கோடுகள் மேல் கீழாக ஓடின. அடியில் இருந்த எண், அந்தச் சிப் ஆறேழு வருடங்களுக்கு முன் செய்தது என்று சொன்னது. ஏதோ ஒரு பழைய கருவியில் ஓடி, ஓய்ந்து, பிடுங்கப்பட்டு வந்தது. நான்காவதும் அப்படித்தான்.

முதலாளி நிமிராமலே சொன்னார். "நீங்க பாருங்க தம்பி."

விவேக் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதுல எத்தன இருக்கும் மேடம்?"

"எல்லாத்தையும் இதுல ஊறப்போட்டாத்தான் உறுதியாத் தெரியும் சார். ஊறப்போட்டதுக்கப்புறம் எதையும் பலகைல ஒட்ட முடியாது."

"பழசா இருந்தாலும் ஓடுதே..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அவருக்கே காதில் விழுந்துவிட்டது. அது வீடுகளில் குழந்தைகள் மணிக்கணக்கில் போட்டு வைக்கப்போகும் பெட்டி. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் எப்போது, எப்படிக் கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. முக்காலி காலியானதும் அதில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவரிடம் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை.

ஐந்து சுருளும் திரும்பிப் போயின. தீபாவளிக்குப் பெட்டி வரவில்லை. நான் மேலே சொன்ன அறிவிப்பு அப்போது வந்ததுதான். இரண்டாவது லைனுக்குத் துணி போர்த்தினார்கள். முப்பது பெண்களும் வீட்டுக்குப் போனார்கள்.

நன்றி என்று யாரும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. முதலாளி ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: இனிமேல் சிவப்புச் சீட்டு ஒட்டுமுன் அவருடைய அனுமதி பெற வேண்டும். சண்முகவேல் சார் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, "என்ன பண்ணப் போறீங்க?" என்றார். "கேக்க மாட்டேன் சார்" என்றேன். "சரிங்க" என்று போய்விட்டார். அடுத்த வாரமே ஒரு பெட்டி மின்தேக்கிகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன், யாரையும் கேட்காமல். முதலாளி அந்தப் பக்கம் நடந்தார், சீட்டைப் பார்த்தார், நடந்துகொண்டே இருந்தார். ஓய்வு பெறும்வரை நான் கேட்கவில்லை. சுற்றறிக்கையும் அதுவரை சுவரில்தான் இருந்தது.

மாசியில் சிப் கம்பெனியிலிருந்தே பவர் சிப்புகள் வந்தன, கேட்டதில் பாதி. குழியெல்லாம் ஒரே ஆழம். கையெழுத்துப் போட்டேன். கோடை விடுமுறைக்குப் பெட்டி கடைக்குப் போனது. பிரமாதமாக விற்றது என்று சொல்ல மாட்டேன், விவேக்கின் கம்பெனி பிழைக்கும் அளவுக்கு விற்றது. பழுதாகித் திரும்பி வந்த பெட்டிகளை நானே பிரித்துப் பார்த்தேன். பொத்தான் உடைந்தது உண்டு, ஒயர் அறுந்தது உண்டு. அந்தச் சிப்பால் திரும்பியது என் மேஜைக்கு ஒன்றுகூட வரவில்லை.

லைன் மறுபடி ஓடத் தொடங்கியபோது, பழைய ஆட்களை முதலில் கூப்பிடச் சொன்னார் சண்முகவேல் சார். இருபத்து நான்கு பேர் வந்தார்கள். பாண்டியம்மாள் போனை எடுக்கவே இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளி தரம் பிரிக்கப் போகிறாள் என்று சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன்.

சந்தையில் நிற்க இடமில்லை. கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு மண்டியின் முன்னால், தக்காளிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"என்னக்கா, இங்கிட்டு?"

"லைன் ஓடுது பாண்டி. ஒன்னையக் கூப்பிடத்தான் வந்தேன். வாரியா?"

"வரல."

கை நிற்கவில்லை. ஒவ்வொரு பழத்தையும் எடுத்து, காம்புப் பக்கம் கட்டை விரலால் லேசாக அழுத்தி, பெட்டியில் வைத்தாள்.

"அந்த நாலு மாசத்துல எம்மகள காலேசுல இருந்து நிப்பாட்டிட்டேன். தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அப்படியே சொன்னேன்.

"வர்ற வருசம் மறுபடி சேத்துருவேன். ஆனா ஒரு வருசம் போனது போனதுதான."

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீகளா?"

போட்டிருப்பேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும் திரும்பிப் போக லேசாக இருந்திருக்கும். அவள் மகளை ஒரு முறை தொழிற்சாலை வாசலில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

"மாட்டேன் பாண்டி" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. மன்னித்ததாகவும் தெரியவில்லை. அடுத்த பழத்தை எடுத்து அழுத்தினாள். பார்க்கச் சிவப்பாக, பளபளப்பாக இருந்தது. அதை ஓரமாக வைத்தாள். அடுத்ததையும் ஓரமாக வைத்தாள்.

லாரியில் ஏற்ற நின்றிருந்தவர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க்கா, அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. எர்ணாகுளம் போறவரைக்கும் தாங்குமுங்க. போடுங்க, நேரமாச்சு."

"தாங்காது."

"லாரி கெளம்புதுங்க்கா."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

"அடிக்கட்டும்" என்றாள் பாண்டியம்மாள், இன்னொரு பழத்தை எடுத்து.